முதல்ல கணக்குத் தாளை வாங்குங்க

மிகை ஓய்வூதியம் பற்றி வரும் கடிதம் பெரும்பாலும் ஐந்தாறு வரிதான். ‘பார்வை’ என்ற இடத்தில் ஒரு தணிக்கைக் குறிப்பின் எண் இருக்கும். தங்களுக்கு மிகையாக வழங்கப்பட்டது தணிக்கையில் கண்டறியப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அடுத்து ஒரு தொகை. அதை ஒரே தவணையில் அரசுக் கணக்கில் செலுத்திச் சலான் நகலை அனுப்ப வேண்டும், தவறினால் மாதாந்திர ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யப்படும் என்று முடிந்துவிடும். எந்தத் தேதியிலிருந்து கூடப் போனது, மாதம் எவ்வளவு போனது, எந்த விதிப்படி அது கூடுதல் என்பதெல்லாம் அதில் இருக்காது.

சார்நிலைக் கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசையிலிருந்தும் போயிருக்கின்றன. இப்போது ஓய்வூதியர் சங்கத்தில் உட்கார்ந்து அதே கடிதங்களைப் பிறருக்காகப் படித்துச் சொல்கிறேன். கடிதத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “இதைக் கட்டணுமா, வேண்டாமா சார்?” நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. “டியூ–ட்ரான் இருக்கா?” என்று கேட்பேன். இருக்காது. “முதல்ல அதை வாங்கிட்டு வாங்க.”

டியூ–ட்ரான் என்பது கருவூலக்காரர்களின் அன்றாட வார்த்தை. மாத வாரியாக, தர வேண்டியது ஒரு பத்தியில், தந்தது ஒரு பத்தியில், வித்தியாசம் மூன்றாவது பத்தியில் போட்டு வரும் தாள். ஓய்வூதியமும் அகவிலைப்படியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தத் தாள் போடாமல் எந்த மிகைத் தொகையையும் யாராலும் கணக்கிட முடியாது. ஆகவே தொகை வந்திருக்கிறது என்றால் தாளும் எங்கோ இருக்கிறது. வாயால் கேட்டால், “அது ஏ.ஜி. ஆபீஸ்லேர்ந்து வந்தது, எங்ககிட்ட இல்லை” என்று மாநிலக் கணக்காயர் அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. அந்த மனு போனதும் பல சமயம் தாள் தானாகவே மேசையிலிருந்து எழுந்து வந்துவிடும்.

தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு அம்மாவின் கதையை வைத்துச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்று, மூன்றாம் வருடம் இறந்துபோனார். அம்மாவுக்கு விவரம் தெரியாது. மகன் பெங்களூரில். இறப்பைக் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கணவரின் ஓய்வூதியம் பதினான்கு மாதம் அவர் கணக்கில் வந்துகொண்டே இருந்தது, அவர்கள் ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஓய்வூதியர் உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணலுக்கு ஆள் வராததால் ஓய்வூதியம் நின்றது, விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பதினான்கு மாத ஓய்வூதியம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம். கட்டினால்தான் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நகரும் என்று வாய்வழியாக ஒரு பின்னிணைப்பு வேறு.

மகன் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். அம்மா என்னைப் பார்க்க வந்தபோது, “தம்பி, தெரியாம எடுத்துட்டோம், திருடணும்னு எடுக்கல” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“அம்மா, அதை விடுங்க. பி.பி.ஓ. புத்தகம் கொண்டுவந்திருக்கீங்களா?”

அந்த ஓய்வூதிய வழங்கல் ஆணைப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். விதி என்ன சொல்கிறதென்றால், ஓய்வூதியர் இறந்த நாள் வரைக்கும் அவருடைய ஓய்வூதியம் உண்டு. மறுநாளிலிருந்து மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அதாவது அந்தப் பதினான்கு மாதமும் அரசு அந்த வீட்டுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்பதல்ல. வேறொரு பெயரில், வேறொரு விகிதத்தில் தர வேண்டியிருந்தது. ஆகவே மிகை என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

இனி விகிதத்துக்கு வருவோம். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஆனால் ஓய்வு பெற்றவர் சீக்கிரம் இறந்துவிட்டால் ஒரு குறிப்பிட்ட காலம்வரை உயர்த்தப்பட்ட விகிதம், அதாவது 50 சதவீதம். 58 வயதில் ஓய்வு என்றிருந்த காலத்து விதிப்படி, இறந்த நாளிலிருந்து ஏழு ஆண்டு அல்லது அவருக்கு 65 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள், எது முந்தி வருகிறதோ அதுவரை. அம்மாவின் கணவர் 61 வயதில் இறந்தவர். உயர்த்தப்பட்ட விகிதம் அவருக்குப் பொருந்தும்.

புரிவதற்காக முழு எண்களில் போடுகிறேன். கடைசி ஊதியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணிக்காலம் இருந்தால் ஓய்வூதியம் 15,000. அதில் மூன்றில் ஒரு பங்கை அவர் கம்யூடேஷன் செய்து மொத்தமாக வாங்கிவிட்டார், அதனால் மாதம் 5,000 பிடித்தம் போக 10,000-மும் அகவிலைப்படியும் வந்துகொண்டிருந்தது. அகவிலைப்படி எப்போதும் முழு 15,000-க்குக் கணக்கிடப்படும். குடும்ப ஓய்வூதியத்தில் கம்யூடேஷன் பிடித்தம் கிடையாது. மனைவிக்கு உரியது 15,000-மும் அதற்கான அகவிலைப்படியும். வந்தது 10,000, வர வேண்டியது 15,000. பதினான்கு மாதத்துக்கு அரசுதான் அந்த அம்மாவுக்கு 70,000 ரூபாய் பாக்கி.

நிஜ எண்கள் வேறு, முடிவு இதுதான். தாளை வைத்துக்கொண்டு அந்தப் பிரிவு எழுத்தரிடம் போனபோது அவர் கெட்டவராக இல்லை. இளைஞர், மாவட்டம் மாறி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. இறப்புக்குப் பின் எடுத்த தொகை என்றாலே முழுத் தொகை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவர் யாரும் இல்லாத இடத்தில் அது சரி. மனைவி உயிரோடிருக்கும் வீட்டில் சரியில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. உயர்த்தப்பட்ட விகிதம் நிறுத்த வேண்டிய தேதியில் நிற்காமல் போவதுதான் நான் பார்த்தவற்றில் அதிகம். 65 வயது என்ற தேதியை எழுத வேண்டிய இடத்தில் ஏழு ஆண்டு என்ற தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அதே எண்களில் பார்த்தால் 15,000-லிருந்து 9,000-க்கு இறங்க வேண்டியது இறங்காது. மாதம் 6,000, மூன்று வருடத்தில் 2,16,000, அதற்கு மேல் அகவிலைப்படி. இங்கே மிகை இருக்கிறது, கணக்கு சரி, தவறு முழுக்க அலுவலகத்துடையது. வாங்கியவர் எழுபதை நெருங்கும் விதவை. பி.பி.ஓ.வில் இரண்டு விகிதமும் அச்சிட்டிருக்கிறதே, பார்த்திருக்கலாமே என்று சில அதிகாரிகள் கேட்பதுண்டு. அச்சிட்டவர்களே பார்க்காததை அவர் பார்த்திருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதே போல 80 வயதில் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியம், பிறந்த தேதி தவறாக ஏறி முன்னதாகவே வந்துவிடும். கம்யூடேஷன் பிடித்தம் 15 வருடம் முடியும் முன்பே நின்றுவிடும். இந்தக் கடைசித் தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். 15 வருடம் முடிந்தும் பிடித்தம் தொடரும். அப்போது ‘தங்களுக்குக் குறைவாக வழங்கப்பட்டது கண்டறியப்பட்டுள்ளது’ என்று யாரும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. ஓய்வூதியரே மனுவோடு வர வேண்டும்.

அலுவலகங்கள் ஏன் இவ்வளவு கடுமையாக நெருக்குகின்றன என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. கல்நெஞ்சம் என்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது பயம். தணிக்கைக் குழு வந்து மிகைச் செலவு என்று ஒரு பாரா எழுதிவிட்டுப் போகும். அந்தப் பாரா தீரும்வரை பணம் வழங்கிய அலுவலரின் தலைமேல் தொங்கும். பணம் வசூலாகவில்லையென்றால் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அவரிடம் வரும். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும். அவருடைய பணிக்கொடை நிற்கும். ஆகவே அவர் கண்காணிப்பாளரை விரட்டுவார், கண்காணிப்பாளர் எழுத்தரை விரட்டுவார், எழுத்தர் ஐந்து வரிக் கடிதத்தைத் தட்டுவார். தவறு செய்தவர் இந்த வரிசையில் இருக்கவே மாட்டார். அவர் எப்போதோ மாற்றலாகியிருப்பார் அல்லது ஓய்வு பெற்று அவரும் ஓய்வூதியராகியிருப்பார். வரிசையின் கடைசியில், எதிர்த்துப் பேசத் தெரியாத ஒரு எழுபது வயது ஆள் மட்டும் இருப்பார். வசூல் அங்கேதான் எளிது.

இந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டால் மனு எழுதுவது மாறும். அலுவலரைக் குற்றம் சாட்டி எழுதினால் அவர் இன்னும் இறுகுவார். பாராவுக்குப் பதில் எழுத அவருக்கு ஒரு காகிதம் தேவை. விதி எண்ணும் நீதிமன்றத் தீர்ப்பும் போட்டு, வசூல் செய்ய இயலாது என்று அவர் மேலே எழுதுவதற்கான வாசகத்தை நாமே மனுவில் வைத்துவிட வேண்டும். அப்படி எழுதிய மனுக்களில் பாதி வார்த்தைகள் அப்படியே அலுவலகக் குறிப்பில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தீர்ப்பு எது என்பது இன்று எல்லாச் சங்கங்களுக்கும் தெரியும். பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ், 2014 டிசம்பர் 18. வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளையடிப்பவர் என்று போட்டிருக்கும். நாட்டின் எல்லா அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பெரிய அதிகாரிகள் இன்று மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஒரு வெள்ளையடிப்பவரின் பெயரில் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஐந்து நிலைகளில் வசூல் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சி, டி பிரிவுப் பணியாளர்களிடமிருந்து. ஓய்வு பெற்றவர்கள் அல்லது வசூல் உத்தரவு வந்த ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்து. உத்தரவுக்கு முன் ஐந்து ஆண்டுக்கு மேலாக மிகைத் தொகை போயிருந்தால். தவறாக உயர்பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான ஊதியம் தந்திருந்தால். கடைசியாக, வசூலிப்பது அரசின் உரிமையைவிடப் பெரிய கொடுமையாக முடியும் மற்ற எந்த நிலையிலும். 2016 மார்ச்சில் மத்திய அரசின் பணியாளர் துறையும் இதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது.

அதற்கு முன்னும் தீர்ப்புகள் உண்டு. 1994-இல் ஹரியானாவின் ஒரு நூலகர் சாஹிப் ராம் வழக்கு, தவறு அவருடையதல்ல என்பதால் வசூல் கூடாது என்றது. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கு எதிர்ப்பக்கம் போனது. அது மக்கள் வரிப்பணம், கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை என்றது. நியாயமான வாதம்தான். அலுவலகங்கள் அதைத்தான் விரும்பிக் காட்டும். ரஃபீக் மசீஹ் வந்த பிறகு தராசு சாய்ந்தது. 2022-இல் தாமஸ் டேனியல் என்ற கேரள ஆசிரியரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அவர் ஓய்வு பெற்றது 1999-இல். வசூல் ரத்தானது. இருபத்து மூன்று வருடம் ஒரு ஆசிரியர் இதோடு வாழ்ந்திருக்கிறார் என்பதைத் தீர்ப்பின் சட்டப் பகுதியைவிட நான் அதிகமாக யோசித்திருக்கிறேன்.

சங்கத்துக்கு வருபவர்கள் ரஃபீக் மசீஹ் என்ற பெயரை மந்திரம் போல வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஒன்று, தீர்ப்பு வசூலைத்தான் தடுக்கிறது, திருத்தத்தைத் தடுக்கவில்லை. ஒரு அலுவலக உதவியாளருக்குத் தேர்வு நிலை ஒரு வருடம் முன்னதாகக் கொடுத்துவிட்டார்கள், இருபது வருடம் யாரும் பார்க்கவில்லை, ஓய்வூதியக் கருத்துரு ஏ.ஜி. அலுவலகம் போனபோது பணிப்பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பணிக்கொடையில் பிடிக்க உத்தரவு. ஐந்தில் மூன்று நிலை அவருக்குப் பொருந்தியது, பிடித்த தொகை திரும்பி வந்தது. ஆனால் ஊதியம் திருத்தி நிர்ணயிக்கப்பட்டது அப்படியே நீடித்தது. குறைந்த ஊதியத்துக்குத்தான் ஓய்வூதியம். அவர் கடைசிவரை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. “கேஸ் ஜெயிச்சும் பென்ஷன் குறையுதே, அது எப்படி?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். தவறு தெரிந்த பிறகும் தவறாகவே கொடுத்துக்கொண்டிருக்கச் சொல்ல எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. எனக்கும் அதில் மறுப்பில்லை.

இரண்டாவது, உறுதிமொழிப் பத்திரம். ஊதியத் திருத்தம் வரும்போதும் ஓய்வூதியம் தொடங்கும்போதும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மிகையாக வந்தது பின்னால் தெரிந்தால் திருப்பித் தருகிறேன் என்பது அதன் சாரம். யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் பணம் வராது, அதனால் படித்தும் பயனில்லை. 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு நீதித்துறை அதிகாரி. எழுதிக் கொடுத்தவர் கட்டுப்பட்டவர், வசூலிக்கலாம், ஆனால் இரண்டு வருடத்தில் பரப்பிச் சம தவணைகளாக வசூலியுங்கள் என்றது. அதிலிருந்து அலுவலகங்கள் எல்லா வழக்கிலும் அந்தத் தாளை எடுத்து நீட்டுகின்றன. சட்டம் படித்து அதிகாரியாக இருந்தவர் போட்ட கையெழுத்தும், அச்சிட்ட படிவத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் போட்ட கையெழுத்தும் ஒரே எடையா என்பதில் இன்னும் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கட்டத்தான் வேண்டும் என்று நானே சொல்லும் வழக்குகளும் உண்டு. அப்பா இறந்து, அம்மாவும் ஏற்கெனவே இல்லாத வீட்டில், வேலையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு வருடம் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்திவிட்டு ரஃபீக் மசீஹ் பேசக் கூடாது. அந்த வழக்கு, அலுவலகம் தவறாகக் கணக்கிட்டுக் கொடுத்ததை வாங்கியவர்களைப் பற்றியது. இறந்தவர் பெயரில் எடுத்தது அதில் சேராது. அந்த மாதிரி ஒருவர் வந்து, “எல்லாரும் எடுக்கறாங்க சார்” என்றார். “எடுக்கறாங்க, கட்டறாங்க” என்றேன். இப்படிப்பட்ட வீடுகளில் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியான 50,000 ரூபாயைக் கேட்டு வாரிசுகள் மனுப் போடும்போதுதான் இறந்த தேதியே கருவூலத்துக்குத் தெரியவருகிறது என்பது ஒரு வேடிக்கை.

மறுபடி அந்த 65 வயதுத் தேதி தவறிய அம்மாக்களுக்கு வருகிறேன். ரஃபீக் மசீஹின் தர்க்கத்தைக் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் நீட்டி உயர் நீதிமன்றங்கள் வசூலை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் நீதிமன்றம் போக எல்லாராலும் முடிவதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுப்பதற்குப் பதில் தவணையில் கட்டிவிடுகிறேன் என்பவர்களிடம் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. அவர்களுக்கு மூன்று காரியம் மட்டும் செய்துகொடுப்பேன். அறிவிப்பு இல்லாமல் பிடித்தம் தொடங்கியிருந்தால் அதை நிறுத்தச் சொல்லி முதல் மனு. விளக்கம் கேட்காமல் பிடிப்பது செல்லாது, இதை அலுவலகமும் அறியும். அடுத்து, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று மருந்துச் செலவு, வாடகை எல்லாம் ரூபாயில் எழுதிய தவணை மனு. ‘தயவுசெய்து கருணை காட்டவும்’ என்று எழுதிய மனுவைவிட, மாதம் 3,000-க்கு மருந்துச் சீட்டு இணைத்த மனு வேகமாக நகரும். தவணைக்குச் சம்மதிக்கும் அந்தத் தாளிலேயே, மிகைத் தொகையின் சரித்தன்மையை ஏற்கவில்லை, உரிமைக்குப் பாதகமில்லாமல் செலுத்துகிறேன் என்ற வரியையும் சேர்ப்பேன். நாளைக்கு வழக்குப் போட மனம் வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சலான். இதைச் சொன்னால் இளையவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் பணம் கட்டியும் கடன் தீராமல் அலைந்தவர்களைப் பார்த்தவன் சிரிக்க மாட்டான். ஓய்வூதியச் செலவின் கணக்குத் தலைப்பு 2071. முந்தைய ஆண்டுகளில் மிகையாகப் போனது திரும்பி வரும்போது அதன் கீழ் 911 என்ற சிறு தலைப்பில் கழிவாகப் போய் விழ வேண்டும். அது தெரியாமல் பொதுவான வரவுத் தலைப்பு ஒன்றில் கட்டிவிட்டால் பணம் அரசுக்குப் போய்விடும், தணிக்கைப் பாரா மட்டும் அப்படியே நிற்கும். அடுத்த வருடத் தணிக்கையில் அதே தொகைக்கு அதே கடிதம் மறுபடி வரும். ஆகவே முழுத் தலைப்பையும் அலுவலகமே எழுதிக் கொடுக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தைக் காட்டிக் கட்டச் சொல்வேன். கட்டிய பின் சலான் நகலைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. வரவு சரிபார்க்கப்பட்டது என்று பி.பி.ஓ.வின் அலுவலகப் பிரதியில் குறிப்பு ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். கடைசித் தவணை முடிந்த மறுமாதம் பிடித்தம் நின்றிருக்கிறதா என்று வங்கிப் புத்தகத்தில் பார்ப்பதும் இதில் சேரும். மென்பொருளில் ஒரு எண்ணை மாற்ற மறந்ததால் தவணை தீர்ந்த பிறகும் பல மாதம் பிடித்தம் போன ஒரு அம்மாவின் கோப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அதிகமாகப் பிடித்ததைத் திருப்பித் தரக் கேட்டு எழுதியிருக்கிறோம். டியூ–ட்ரான் இம்முறை நாங்களே போட்டு இணைத்துவிட்டோம்.